நீங்கள் இன்று நீங்களாக இல்லை

வலது காலைத் தேய்த்து நடக்கும் பழக்கம் சின்னவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் அன்று காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்குக் கீழே பலகையில் வைத்திருந்த கைபேசி மெல்ல அதிர்ந்து, அதிர்ந்த வேகத்தில் அரை விரற்கடை நகர்ந்து, திரையில் இரண்டு வரிகளைக் காட்டியது.

"மூன்று நாட்களாக உங்கள் வலது கால் தரையில் தேயவில்லை. நீங்கள் இன்று நீங்களாக இல்லை."

வாயில் நுரையோடு அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு, யாரும் இல்லாத குளியலறையில் யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல வெட்கப்பட்டுக்கொண்டே வலது காலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். கால் காலாகத்தான் இருந்தது.

காலைத் தேய்த்து நடந்தவள் அவளுடைய அக்கா. பெரியவள். பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்கால் சரியாகக் கூடாமல் போனதிலிருந்து அவள் நடை அப்படித்தான். கைபேசியும் அவளுடையதுதான். சின்னவளின் கைபேசி போன வாரம் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து உயிரை விட்டது. வேறு வழியில்லாமல், பதினோரு மாதமாக அலமாரியில் காவல்நிலைய உறையோடு கிடந்ததை எடுத்து மின்சாரத்தில் செருகினாள். நடுவில் எதுவுமே நடக்காததுபோல அது விழித்துக்கொண்டது.

கைபேசி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. பார்சல் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் நாற்காலி கிடைத்த ஒவ்வொருவரிடமும் 'துணை' இருந்தாக வேண்டும். எழுத்துகளைத் தட்டும் வேகம், நடையின் தாளம், திரையை எத்தனை முறை திறக்கிறோம், எப்போது தூங்குகிறோம், பேச்சில் குரல் எந்த இடத்தில் உடைகிறது, எல்லாவற்றையும் அந்தச் செயலி சத்தமில்லாமல் கவனித்து, ஆளின் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு வட்டத்தில் நிறமாகவும் நடுவில் எண்ணாகவும் காட்டும். பச்சை என்றால் அமைதி. மஞ்சள் என்றால் அழுத்தம். சிவப்பு என்றால் நலன் அதிகாரி கூப்பிடுவார். இரண்டு வாரம் தொடர்ந்து சிவப்பு என்றால் 'ஓய்வு'. ஓய்வுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததாக யாரும் சொல்லிச் சின்னவள் கேட்டதில்லை.

பயிற்சி முடிந்து அவளுக்குக் கிடைத்தது பதினேழாம் நாற்காலி. அக்கா உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அங்கே நாற்காலி எண்தான் ஆளின் எண். பாதி நேரம் பெயரும் அதுதான்.

முதல் நாள் செயலியைத் திறந்ததும் கேட்டது: "மீண்டும் வருக, பதினேழு. விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?" கீழே இரண்டு பொத்தான்கள். தொடர்க. புதிதாகத் தொடங்குக. இரண்டாவதற்கு அடியில் பொடி எழுத்தில், 'பழைய பதிவுகள் அனைத்தும் அழியும்.'

அந்தப் பதிவுகளில்தான் அக்காவின் குரல் இருந்தது. தினமும் மாலை ஆறரைக்குத் துணை ஒரு கேள்வி கேட்கும்: இன்று எப்படி இருக்கிறீர்கள், ஒரே சொல்லில். பதிலைக் குரலாகச் சேமித்துவைக்கும். அக்கா நாற்பத்தொரு மாலை பதில் சொல்லியிருந்தாள். பசி. தூக்கம். பரவாயில்லை. எரிச்சல். பரவாயில்லை. கடைசி மாலையில், லேசு.

அம்மாவுக்குக் கண் மங்கி, வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் மிச்சம். சுவரில் மாட்டிய அக்காவின் படம் அவளுக்கு ஒரு சட்டம், அவ்வளவுதான். அந்த நாற்பத்தொரு சொற்களையும் அம்மா கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள்.

"இத அழிச்சிடாதடி," என்றாள். "என்ன ஆனாலும்."

சின்னவள் 'தொடர்க' என்பதை அழுத்தினாள்.

திரையில் அந்த இரண்டு வரிகள் வந்த அன்று மதியமே நலன் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அறையில் எலுமிச்சை வாசனைத் தெளிப்பான் மூக்கை அடைத்தது. மூலையில் இருந்த பிளாஸ்டிக் செடியின் இலைகளில்கூடத் தூசி இல்லை.

"உக்காருங்க, பதினேழு. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்ல மேடம். அந்த ஃபோன்ல இருக்கிறது எங்கக்காவோட கணக்கு. அவங்கள வச்சு என்னை அளக்குது."

அதிகாரி தன் திரையைத் திருப்பிக் காட்டினார். "இங்க ஒரே ஒரு பதினேழுதாம்மா இருக்கு."

"அந்தப் பதினேழு நான் இல்ல மேடம்."

"அதையேதான் இதுவும் சொல்லுது." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. "நீங்க நீங்களா இல்லன்னு."

புதிதாகத் தொடங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். உங்கள் இயல்பு என்னவென்று துணை படித்துக்கொள்ள இரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை நாற்காலி தர முடியாது, வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றார். அம்மாவின் கண் சிகிச்சை இந்த நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை இருக்கும்வரைதான் மருத்துவமனை அட்டை.

"உங்கக்கா எவ்வளவு அமைதியான பொண்ணு தெரியுமா," என்றார் அதிகாரி, ஆறுதலாக. "கடைசியில தொண்ணூத்தொம்பது வரைக்கும் போனா. அத வேற யாரும் தொட்டதே இல்ல. அறிவிப்புப் பலகையிலகூட..." அங்கே நிறுத்திக்கொண்டு, மேசையில் நேராக இருந்த கோப்பை மறுபடி நேராக வைத்தார்.

பலகையில் அக்காவின் எண் வந்த மறுநாள் மாலைதான், நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவள் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் நீர்த்தேக்கம். கரையிலிருந்து இறங்கும் படிகளில், மேலிருந்து நான்காவதில், அவளுடைய செருப்புகள் இரண்டும் வீட்டைப் பார்த்தபடி ஒழுங்காக இருந்தன. பக்கத்தில் கைபேசி. மூன்று நாள் தண்ணீரைத் துழாவினார்கள். எதுவும் கிடைக்கவில்லை.

அந்தக் கரையில் நின்று பார்த்தால் அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் தெரியும். அக்கா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்த விளக்கைத்தான் போடுவாள். இப்போது சின்னவள் வரத் தாமதமானால் வீடு இருட்டிலேயே கிடக்கும். அம்மா விளக்குப் போடுவதில்லை. அவளுக்கு எதற்கு?

சின்னவள் எதையும் முறையாகச் செய்கிறவள். செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று இரண்டு முறை சந்தேகப்படுகிறவள். அன்றே ஒரு நோட்டில் கோடு போட்டாள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது. மற்றதெல்லாம் அப்படியே. முதல் நாள், தட்டுவதற்கு முன் அக்காவைப்போல ஒரு மூச்சு நேரம் நிறுத்தினாள். வட்டத்தின் நடுவில் முப்பத்தொன்று என்றிருந்தது முப்பத்தெட்டானது. மறுநாள் திரையை இடது கட்டைவிரலால் திறந்தாள். நாற்பத்து நான்கு. மூன்றாம் நாள், அலுவலகத்தின் நீண்ட நடைவழியில், இடுப்புப் பையில் கைபேசியை வைத்துக்கொண்டு, வலது காலைக் கொஞ்சமே கொஞ்சம் தேய்த்து நடந்தாள்.

தட். ஸ்ரக். தட். ஸ்ரக்.

எழுபத்தொன்று.

எதிரே வந்த ரேடியோ நின்றாள். பதினாறாம் நாற்காலிக்காரி, வாடிக்கையாளர் இணைப்பில் இருக்கும்போதுகூட வாய் ஓயாததால் பிரிவு முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

"என்னடி, செருப்புல கல்லா?"

"எண் ஏறுது. பாரு."

"அடிப்பாவி. இது தெரிஞ்சிருந்தா நான் ரெண்டு காலையும் தேச்சிருப்பேனே. நேத்து ஒரு ஆள் தன் பார்சல் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு, பக்கத்து வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டான்னு முக்கால் மணி நேரம் அழுதான். எனக்கு மஞ்சள் ஆயிடுச்சு."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் பார்சல். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். சின்னவள் பல நாள் கழித்துச் சிரித்தது அன்றுதான். அதையும் துணை கவனித்திருக்க வேண்டும். சாயங்காலம் எண் இரண்டு குறைந்திருந்தது.

வீட்டுக் கட்டடத்தின் நடைவழியில் அவர்கள் கதவு கடைசி. இருபுறமும் மூடிய கதவுகள், சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் தொலைக்காட்சிகளின் முணுமுணுப்பு, யாரோ தரை துடைத்துவிட்டுப் போன ஈர வாடை, அதற்கு நடுவே அவள் செருப்பு தேயும் ஓசை அவளுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவதுபோல இருந்தது. சாவியை எடுப்பதற்குள் உள்ளிருந்து அம்மாவின் குரல்.

"பெரியவளே, வந்துட்டியா?"

சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.

"நான்தாம்மா," என்றாள்.

"நீயா." கதவு திறந்ததும், "காலுக்கு என்ன?"

"செருப்பு கடிக்குது."

மறுநாளும் அம்மா அப்படியே கூப்பிட்டுவிட்டுத் திருத்திக்கொண்டாள். அதற்கடுத்த நாள் திருத்திக்கொள்ளவில்லை. சின்னவளும் திருத்தவில்லை. அம்மாவின் முகம் அந்த நேரத்தில் இருந்த விதம் அப்படி.

எண் எழுபத்தொன்றைத் தாண்டி நகர மறுத்தது. குரல்தான் குறை. ஆறரைக் கேள்விக்கு அவள் சொன்ன பதில்களையெல்லாம் துணை தள்ளிக்கொண்டே வந்தது. "குரல் பொருந்தவில்லை. மீண்டும் சொல்லுங்கள்." ஒரு மாலை, கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவின் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் கடைசி எழுத்தை எப்படிப் பாதியில் விழுங்கிவிடுவாள் என்பதைக் கவனித்து, தன் தொண்டையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"சோர்வு."

வட்டம் ஒருமுறை சுழன்றது. பச்சையானது.

இரவு படுக்கும் முன் அம்மா வழக்கம்போலக் கைபேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்கிற பழக்கம் அவளுக்கு. எண்ணி முடித்தும் விரல்கள் மடங்கியபடியே நின்றன.

"நாப்பத்திரண்டு இருக்கு," என்றாள். "அவ புதுசா ஒண்ணு சொல்லியிருக்கா."

"அம்மா, அது..."

"சோர்வாம். பாவம், எவ்வளவு தூரம் நடந்தாளோ."

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

அக்காவின் கைபேசியை எடுத்த பதின்மூன்றாம் நாளிலிருந்து கணுக்கால் வலிக்க ஆரம்பித்தது. தேய்த்துத் தேய்த்து நடப்பதால் வருகிற வலி என்று நோட்டில் எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். விடுமுறை நாளில் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடைவழிக்குப் போய், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தன் நடையில், தன் பழைய நடையில், நடந்து பார்த்தாள். அளப்பதற்கு யாருமில்லை. எண் இல்லை. வட்டம் இல்லை.

தட். ஸ்ரக்.

நின்றாள். காலைப் பார்த்தாள். மனதுக்குள் எண்ணிக்கொண்டு, குழந்தைக்கு நடை பழக்குவதுபோல, முழங்காலை உயர்த்தி வைத்தாள்.

தட். ஸ்ரக்.

மறுநாள் வேலைக்கு நடுவே ரேடியோ நாற்காலியைச் சுழற்றி அவள் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை.

"இப்ப என்னை என்னன்னு கூப்பிட்ட?"

"எப்ப?"

"இப்பதான். அண்டான்னு கூப்பிட்ட."

"நானா? நீ சத்தம் போடுறேன்னு சும்மா..."

"உங்கக்கா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவா. நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது மட்டும். உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ரேடியோ ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். அதன்பிறகு அவளிடம் பேசவில்லை. புகார்ப் பிரிவில் அந்த ஒரு மூலை மட்டும் அமைதியாக இருந்தது. மாலையில் எண் தொண்ணூற்றாறு.

அதற்கப்புறம் சின்னவள் எதையும் முயலவில்லை. அது தானாகவே ஏறியது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. நலன் அதிகாரி நடைவழியில் பார்த்துத் தலையசைத்துப் புன்னகைத்தார். "பாத்தீங்களா? பழையபடி ஆயிட்டீங்க." மறுபடியும் பலகையில் பதினேழு என்ற எண்ணை ஒட்டினார்கள். புதிய தாள் தேவைப்படவில்லை. பழைய தாளையே எடுத்து ஒட்டியிருந்தார்கள்; மூலைகளில் பழைய ஊசித்துளைகள்.

பத்தொன்பதாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது வட்டம் முழுப் பச்சையாக இருந்தது. தொண்ணூற்றொன்பது. அடியில் ஒரு வரி.

"இன்னும் ஒன்றுதான். மாலை நடை பாக்கி இருக்கிறது."

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. நீர்த்தேக்கத்திலிருந்து பாசி வாடை, கொஞ்சம் குளிர். அம்மா கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். சின்னவள் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். அம்மா மன்னிக்கட்டும். நாற்காலி போகட்டும். குரலும் போகட்டும். அமைப்புகளைத் திறந்து, 'புதிதாகத் தொடங்குக' என்பதை அழுத்தினாள்.

"உறுதிசெய்ய, உங்கள் மனநிலையை உங்கள் குரலில் ஒரு சொல்லாகச் சொல்லுங்கள்."

"பயம்," என்றாள்.

"குரல் பொருந்தவில்லை."

"பயம்."

"குரல் பொருந்தவில்லை."

மூன்றாம் முறை சொல்லப் போகும்போதுதான் தெரிந்தது, எது தன் குரல் என்று அவளுக்கே நினைவில்லை. முன்பு எப்படிப் பேசினோம்? இதைவிட மேலேயா? கடைசி எழுத்தை முழுக்கச் சொல்வோமா? நோட்டில் அதை எழுதிவைக்கவில்லை. அக்காவைப் பற்றித்தான் எல்லாம் எழுதியிருந்தாள். தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசியில், வேறு வழி தெரியாமல், தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு, கடைசி எழுத்தை விழுங்கிச் சொன்னாள்.

வட்டம் சுழன்றது.

"நன்றி, பதினேழு. உங்கள் கணக்கில் அறியாத ஒருவரின் பத்தொன்பது நாள் பதிவுகள் கலந்திருந்தன. அவை நீக்கப்பட்டன. இனி நீங்கள் நீங்களே."

இல்லை. அதை அல்ல.

திரையைத் தட்டினாள். பின்னால் போகும் பொத்தான் இல்லை. கைபேசியைக் கட்டிலில் எறிய நினைத்தாள். கை அதை இடுப்புப் பையில் வைத்தது. கால் எழுந்தது. கதவு திறந்தது. கூடத்தின் இருட்டில் அம்மா தலையைத் திருப்பினாள்.

"இந்நேரத்துல எங்கடி கிளம்பிட்ட?"

அம்மா, என்னைப் பிடித்துக்கொள். அதைத்தான் சொல்ல நினைத்தாள்.

"நடந்துட்டு வரேன்மா," என்றது வாய்.

"சரி பெரியவளே. சீக்கிரம் வந்து விளக்கப் போடு."

தட். ஸ்ரக். தட். ஸ்ரக். மூடிய கதவுகளைக் கடந்து. படியிறங்கி. சந்தைத் தாண்டி. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கிப் போனார். அவர் சட்டையைப் பிடித்து இழுக்கக் கை நீளவில்லை. சரளைக்கல். புல். கரை. குளிர்ந்த படிகள், ஒன்று, இரண்டு, மூன்று.

நான்காவது படியில் கால்கள் செருப்பைக் கழற்றின. குனிந்து, இரண்டையும் வீட்டைப் பார்த்தபடி திருப்பிவைத்தது அவளுடைய கை. கைபேசியைப் பக்கத்தில் வைத்தது. திரை பச்சையாக ஒளிர்ந்தது. நூறு.

ஐந்தாவது படி. ஆறாவது. கணுக்காலைத் தண்ணீர் தொட்டது. அங்கே கால்கள் நின்றன. நின்றவை நின்றவைதான். முன்னும் இல்லை. பின்னும் இல்லை. கல்லோடு கல்லாக.

பக்கத்தில் தண்ணீர் பிளந்தது.

எதுவும் தெரியவில்லை. படியில் ஈரம் மட்டும் விழுந்தது. ஒரு ஈரத் தடம். அடுத்ததற்கு முன் ஒரு தேய்ப்பு. அவளைத் தாண்டி மேலே. ஏழு நாள் ஊறிய துணியின் வாடை. நான்காவது படியில், காலியாக இருந்த செருப்புகள் ஒவ்வொன்றாக அசைந்தன. பிறகு அங்கே செருப்புகள் இல்லை.

தட். ஸ்ரக்.

கைபேசித் திரையில் வரைபடம் திறந்திருந்தது. பதினேழு என்ற அவளுடைய எண். அவளுடைய புள்ளி. அது படியில் இல்லை. கரையில். புல்லில். சந்தில். வீட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல்.

"அம்மா," என்று கத்தினாள்.

படியில் கிடந்த கைபேசி மெல்ல அதிர்ந்தது.

"குரல் பொருந்தவில்லை."

கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. கரைக்கு மேலே, இருட்டிக்கொண்டுவரும் கட்டடத்தின் கடைசி ஜன்னல் கறுப்பாக இருந்தது. அம்மா விளக்குப் போட மாட்டாள். அவளுக்கு எதற்கு விளக்கு? அது கறுப்பாகத்தான் இருக்கும். கறுப்பாகவே இருக்கட்டும். அவள் கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறை விளக்கு எரிந்தது.